விடையோடு முடிந்த வினா

1972இல் தொடங்கிய போர்ன்விட்டா வினாடி வினா 1992இல் தொலைக்காட்சிக்கு வந்தது. ஒரே பள்ளியின் மாணவர் இருவர் கலந்து பேசி, ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டிய காட்சி நம்மையும் கட்டிப் போட்டதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும், விடை வந்ததும் வினா மடிந்துவிட்டதே!

'நறுமணப் பொருள்களின் அரசி எது?' 'ஏலம்' என்றால் மதிப்பெண் ஏறிவிடும். அச்செடி மரநிழலை ஏன் நாடுகிறது, காய் பழுக்குமுன்னரே ஏன் பறிக்கிறார்கள் என்பதை நம் போடி மலைத்தோட்டத் தொழிலாளியின் மகள் அறிவாள். அவளைக் கேட்பாரில்லை, கேட்டிருந்தாலும் ஆங்கிலத்திலன்றோ கேட்டிருப்பர்!

'மசலா' என்ற அரபுச் சொல்லுக்கு வினா என்பதே பொருள். 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'வில் விடைகள் விரிந்து விளக்கங்களாகின்றன. அவ்வாறு விளக்கிச் சொல்லும் அணிக்கே மதிப்பெண் என நம் பள்ளிகளேனும் தமிழில் ஒரு போட்டி வைக்கலாகாதா?