திரைப் பார்வை: ‘127 ஹவர்ஸ்’ – எடுக்காத அழைப்பு

‘காட்டில் தனியாக வழி தவறினேன்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் எப்படி முடிப்பீர்கள்? காத்தோங்கில் நான் திருத்தும் தாள்களில் பெரும்பாலும் இரண்டே முடிவுதான். யாரோ ஒரு வழிப்போக்கர் வந்து காப்பாற்றுவார். இல்லாவிட்டால் அம்மா தட்டி எழுப்புவார், எல்லாம் கனவு!

டேனி பாயில் இயக்கி 2010-இல் வந்த ‘127 ஹவர்ஸ்’ படத்தைப் பாருங்கள். இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான். பின்னணி இசை, பாடல் இரண்டுக்குமே ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

இது நடந்த கதை. 2003 ஏப்ரல் 26 அன்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆரன் ரால்ஸ்டன் ஒரு குறுகிய பாறைப் பிளவில் தனியாக இறங்கினார். உருண்ட பாறை அவர் வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து நாள் கழித்து, மழுங்கிய கத்தியால் தன் கையையே வெட்டிக்கொண்டு வெளியேறினார்.

படத்தின் பலம் அதன் தொடக்கம். கிளம்பும் அவசரத்தில் அலமாரியில் கையை விட்டுத் துழாவுகிறார். நல்ல கத்தி விரலுக்கு எட்டவில்லை. வந்த தொலைபேசி அழைப்பையும் எடுக்கவில்லை. அப்போது சின்ன விஷயம். பிறகு அதுதான் உயிர்ப் பிரச்சினை. நம்ம கட்டுரைகளில் இல்லாதது இதுதான். ஆபத்துக்கான காரணத்தை முதல் பத்தியிலேயே விதைக்க வேண்டும்.

குறையும் உண்டு. மகனைக் காணோம் என்று தெரிந்ததும் அம்மா போலீசுக்குத் தகவல் கொடுத்திருந்தார். தேடல் தொடங்கியிருந்ததால்தான் ஹெலிகாப்டர் சீக்கிரம் வந்து சேர்ந்தது. படமோ ஆரனை விட்டு நகராமல் அந்தத் தேடலைக் காட்டாமலே விட்டுவிடுகிறது. அவர் மனவுறுதி பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் எடுக்காத அழைப்பைக் காட்டிய படம், அம்மா என்ன செய்தார் என்றும் காட்டியிருக்க வேண்டாமா?

ஆசிரியர்களே, கை வெட்டும் காட்சியில் இரத்தத்தைவிட ஒலிதான் அதிகம் உலுக்கும். அதை வகுப்பில் போடாதீங்க. முதல் பத்து நிமிடம் போதும். பிறகு மாணவர்களிடம் ஒரே பத்தி கேளுங்கள்: அந்த ஐந்து நாளும் அம்மாவின் பார்வையில்.