பால் மறந்த பிள்ளையின் பாட்டு

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்கக் கோயிலில் முண்டியடிப்போம். கிடைத்த வசனத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவோம். பொங்கலுக்குள் கேஸ்காரர் நம்பரும் பால் கணக்கும் அதன்மேல் ஏறிவிடும். வசனத்தில் குறையில்லை. அதை ருசிக்க நாம் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

மனம் புதிதாவதைப் பற்றிப் பவுல் பேசும் ரோமர் 12-ஆம் அதிகாரத்தில் ‘மறுரூபம்’ என்ற சொல் வருகிறது. மலைமேல் இயேசுவின் முகம் சூரியனைப்போல் பிரகாசித்ததைச் சொல்லும் மத்தேயு 17-இலும் அதே சொல். கிரேக்கத்திலும் ஒரே வினைதான். ரோமரில் அது செயப்பாட்டு வினை, அதுவும் தொடர்ந்து நடப்பதைச் சொல்வது. நாமே ஒரு ராத்திரியில் முடித்துவிடும் வேலை அல்ல. நாம் செய்யக்கூடியது, அது நடக்க இடம்கொடுத்து உட்காருவது. நான் கண்டுகொண்ட சுலபமான வழி, ஒரு சின்ன சங்கீதத்தை ஒரு வாரம் முழுக்கக் கூடவே வைத்திருப்பது. 131-இல் ஆரம்பியுங்கள். மூன்றே வசனம்.

முதலில் தலைப்பு: ஆரோகண சங்கீதம். கச்சேரி கேட்ட காதுக்கு ஸ்வரம் ஏறுவது நினைவுக்கு வரும். இங்கே ஏறுவது கால்கள். 120 முதல் 134 வரையுள்ள இந்த 15 சங்கீதங்களும் எருசலேமுக்குப் பண்டிகைக்கு ஏறிப்போனவர்கள் பாடியவை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். நடந்துகொண்டே பாடியதை மனசுக்குள் வாசித்தால் எப்படி? வாய்விட்டு முணுமுணுங்கள். முதலாம் சங்கீதத்தில் ‘தியானம்’ என்று வாசிக்கிறோமே, எபிரெயத்தில் அது ‘ஹாகா’. ஏசாயா 31-இல் இரையின்மேல் நின்று உறுமுகிற சிங்கத்துக்கும் அதே சொல்தான். தொண்டை அசைய வேண்டும். மாடு அசைபோடுகிற மாதிரி, அவசரமில்லாமல்.

முதல் வசனம் இருதயத்தில் தொடங்கி, கண்ணுக்கு வந்து, தலையில் முடிகிறது. தனக்கு மிஞ்சின காரியங்களில் தலையிடுவதில்லை என்கிறார் தாவீது. எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது நடையைக் குறிக்கும் சொல்; அந்தப் பக்கம் நடமாடுவதே இல்லை என்கிற மாதிரி. நம் பழைய மொழிபெயர்ப்பில் அது தலையாகிவிட்டது. எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார்கள், சபைத் தேர்தலில் யார் எந்த அணி என்று உட்கார்ந்த இடத்திலேயே ஊர் சுற்றிவர எனக்குக் கால் தேவைப்பட்டதில்லை.

இரண்டாம் வசனத்தில் கொஞ்ச நாள் தங்குங்கள். தாயிடம் இருப்பது பால்மறந்த குழந்தை. பால் குடிக்கிற குழந்தையல்ல. அந்தக் காலத்தில் மூன்று வயதுவரைகூடப் பால் கொடுப்பார்கள். ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்தே வைத்தார். பால் மறக்கடிப்பதைப் பற்றி எங்கள் தெரு ஆச்சியிடம் கேட்டேன். “வேப்பிலையை அரைச்சுத் தடவினா மூணு நாளு வீடே ரெண்டாவும்யா. நாலாம் நாளு அதுவா வந்து மடியில சும்மா படுத்துக்கிடும்” என்றார்.

அந்தச் ‘சும்மா’வில்தான் எனக்குச் சங்கீதமே திறந்தது. அதுவரை மடி என்றால் பால். இப்போது மடி என்றால் அம்மா. என் ஜெபத்தை நினைத்துப் பார்த்தேன்: மகள் வேலை, அப்பாவின் சர்க்கரை, வீட்டுக் கடன், ஆமென். கேட்பதில் தப்பில்லை, கேட்கச் சொன்னவரே அவர்தான். ஆனால் கேட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் அங்கேயே கிடந்த நாள் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. தாவீதுக்கும் இது தானாக வந்துவிடவில்லை. ஆத்துமாவை ‘அடக்கி’ என்கிறாரே, அந்த ஒரு சொல்லுக்குள் ஆச்சி சொன்ன மூன்று நாள் அழுகையும் கேட்கிறது.

மூன்றாம் வசனம் சட்டென்று இஸ்ரவேல் முழுவதையும் கூப்பிடுகிறது. மடியில் கிடந்தவர் எழுந்து ஊரோடு பேசுகிறார். அதைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

காலையில் செல்போனைத் தொடுமுன் ஐந்து நிமிஷம், ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஒருமுறை, இவ்வளவு போதும். புதன்கிழமை வாக்கில் சலிப்பு தட்டும், சங்கீதத்தை மாற்றாதீர்கள். அடுத்த வாரம் 130-க்கு இறங்கிப் பாருங்கள். ஆழத்திலிருந்து கூப்பிடுகிற குரல் அது. 132-க்குத் தாவ வேண்டாம். அதில் 18 வசனம்; நான் தாவிவிட்டு இரண்டு வாரமாக அங்கேயே நிற்கிறேன்.