போர் முடிந்த பிறகு: தலைவர்களின் மனச்சுமை பற்றி ஓர் ஆய்வு

மகாபாரதத்தின் பதினெட்டுப் பருவங்களில் மிக நீளமானது சாந்தி பருவம். போர் முடிந்து, நாடு பாண்டவர் கைக்கு வந்த பிறகே அது தொடங்குகிறது. அரியணை வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்கிறார் தருமர். தம்பிகளும் திரௌபதியும் வியாசரும் கண்ணனும் மாறி மாறி எடுத்துச் சொல்லியும் அவர் மனம் எளிதில் ஆறுவதில்லை. வென்ற அரசனின் துயரத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்த போர்க்காவியம் அரிது.

தருமர் களத்தில் நின்றவர். செத்தவர்களின் முகம் அவருக்குத் தெரியும். இன்றைய ஆட்சித் தலைவர்கள் களத்துக்குப் போவதில்லை. ஒரு கூட்டத்தில் பேசி முடித்து, ஓர் ஆணையில் கையெழுத்திடுகிறார்கள். அதன் சுமை அவர்களிடம் எப்படித் தங்குகிறது? கல்வெட்டு, நாட்குறிப்பு, ஒலிநாடா, தன்வரலாறு, விசாரணை அறிக்கை என்று சான்றுகள் பல வடிவங்களில் உள்ளன. அவற்றைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. தலைவரின் துயரக் கணக்கில் யாருடைய சாவு சேர்ந்தது? அந்தத் துயரம் அவருடைய அடுத்த முடிவை மாற்றியதா? கண்ணீரைப் பற்றிய கதைகள் எல்லாத் தலைவர்களுக்கும் உண்டு. இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லக்கூடியவர்கள் சிலரே.

சிந்தனையாளர்கள் கேட்டது

1919இல் மியூனிக் நகரில் ஆற்றிய உரையில் மாக்ஸ் வெபர் அரசியல்வாதியின் அறம் எது என்று ஆராய்ந்தார். அரசியலில் இறங்குபவர் வன்முறை என்னும் கருவியைத் தொட்டே ஆக வேண்டும். நோக்கம் நல்லது என்று சொல்லி விளைவின் பொறுப்பிலிருந்து அவர் தப்ப முடியாது என்பது வெபரின் வாதம். 1973இல் மைக்கேல் வால்சர் 'அழுக்குக் கைகள்' பற்றிய தம் கட்டுரையில் இன்னும் ஒரு படி முன்னே போனார். தலைவர் உள்ளுக்குள் வருந்துவது போதாது, அந்தக் குற்றவுணர்வு பிறர் அறியும்படி ஒரு விலையாக வெளிப்பட வேண்டும் என்று கேட்டார்.

மருத்துவத் துறை இதை மறுபக்கத்திலிருந்து அணுகியது. வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களுக்குப் பல ஆண்டுகள் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே 1994இல் வெளியிட்ட நூல், மனசாட்சியில் விழும் காயத்தைப் பற்றிய ஆய்வுக்கு வழி திறந்தது. அவர் கண்ட காயத்தின் வேரில் ஒரு துரோகம் இருந்தது: சரியானதைக் காக்க வேண்டிய அதிகாரத்தில் உள்ளவர்களே அதைக் கைவிட்ட துரோகம். வீரரின் காயத்தில் தலைவருக்கும் பங்கு உண்டு என்று இதற்குப் பொருள். ஆனாலும் ஆய்வுகள் பெரும்பாலும் வீரர்களோடு நின்றுவிட்டன. தலைவர்களைப் பொறுத்தவரை வரலாற்று ஆவணங்களே நமக்குள்ள வழி.

கல்லில் வெட்டிய வருத்தம்

அந்த ஆவணங்களில் பழமையானது அசோகருடையது. முடிசூடிய எட்டாம் ஆண்டில், கி.மு. 261 வாக்கில், அவர் கலிங்கத்தை வென்றார். ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டனர், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், அதைப் போலப் பல மடங்கு பேர் மாண்டனர் என்று அவருடைய பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. 

என் முதல் கேள்விக்கு இங்கே வியப்பான பதில் கிடைக்கிறது. தம் படையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று அசோகர் எழுதவில்லை. தோற்ற நாட்டின் சாவுகளையே எண்ணினார். பெற்றோரையும் ஆசிரியரையும் மதித்து வாழ்ந்த எளிய மக்களுக்கும் போர் கேடு செய்தது என்று வருந்தினார். பிற்காலத்தில் இன்னொரு கலிங்கப் போரைப் பாடிய நம் பரணி இலக்கியம் எதிரியின் அழிவை வெற்றியின் புகழாகவே கண்டது. அந்த மரபை அறிந்தவர்களுக்கு அசோகரின் கணக்கு எவ்வளவு அரியது என்பது விளங்கும்.

அடுத்த முடிவு மாறியதா? புதிய நாடுகளை வெல்ல எண்ண வேண்டாம் என்று தம் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் எழுதி வைத்தார். வேறு போர் தொடுத்ததாகச் சான்று இல்லை. ஆனால் கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. தம் கழிவிரக்கத்தைச் சொல்லும் அதே கல்வெட்டில் காட்டுக் குடிகளுக்குத் தம் வலிமையை நினைவூட்டி எச்சரிக்கிறார். கலிங்க மண்ணிலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் இந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு வெட்டப்படவில்லை. அதன் இடத்தில் அதிகாரிகளுக்கான வேறு அறிவுரைகள் உள்ளன. வருத்தம் உண்மையானதாக இருக்கலாம். யாரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ, அவர்கள் வாசலில் அது சொல்லப்படவில்லை.

ட்ரூமன்: சொன்னது ஒன்று, செய்தது ஒன்று

ஹிரோஷிமா முடிவுக்காகத் தாம் தூக்கம் இழந்ததில்லை என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். தம் கைகளில் இரத்தம் படிந்திருக்கிறது என்று 1945 அக்டோபரில் நேரில் வந்து சொன்ன அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமரை, பின்னர் ஒரு கடிதத்தில் அழுமூஞ்சி விஞ்ஞானி என்று இகழ்ந்தார். இவற்றை மட்டும் படித்தால் மனச்சுமையே இல்லாத மனிதர் என்று தோன்றும்.

ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. இலக்கு ராணுவம்தான், பெண்களும் குழந்தைகளும் இல்லை என்று 1945 ஜூலை 25 அன்று அவர் நாட்குறிப்பில் எழுதினார். அதே நாளில் வெளியான ராணுவ ஆணையோ, குண்டுகள் தயாராகத் தயாராக நகரங்கள் மீது போட அனுமதித்தது. ஆகஸ்ட் 9 அன்று நாகசாகிக்குத் தனி உத்தரவு தேவைப்படவில்லை. மறுநாள் அமைச்சரவையில், இன்னொரு லட்சம் பேரை அழிக்கும் எண்ணமே கொடூரமாக இருக்கிறது, அத்தனை பிள்ளைகளைக் கொல்லத் தமக்கு விருப்பமில்லை என்று ட்ரூமன் சொன்னதை அமைச்சர் ஹென்றி வாலஸ் குறித்து வைத்தார். அன்றே குடியரசுத் தலைவரின் வெளிப்படையான அனுமதியின்றி அடுத்த குண்டு வீசக்கூடாது என்ற ஆணை பிறந்தது. ஹிரோஷிமாவில் மட்டும் அந்த ஆண்டு முடிவுக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தனர்.

1948இல் அணுகுண்டுகளைத் தங்கள் பொறுப்பில் விடும்படி ராணுவம் கேட்டது. ட்ரூமன் மறுத்தார். இது பெண்களையும் குழந்தைகளையும் ஆயுதமற்றவர்களையும் அழிப்பது, இதைப் பிற ஆயுதங்களைப் போல நடத்த முடியாது என்று அவர் வாதிட்டதை அணுசக்தி ஆணையத் தலைவர் டேவிட் லிலியன்தால் பதிவு செய்திருக்கிறார். பொதுவெளியில் மறுத்த சுமை, நிர்வாக விதியாக உருவெடுத்தது. அணுகுண்டை வீசும் முடிவு படைத்தளபதியிடம் இல்லாமல் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரிடம் இருக்க வேண்டும் என்ற அமெரிக்க மரபு இங்கிருந்து வருகிறது.

அந்தக் கட்டுப்பாட்டுக்கும் எல்லை இருந்தது. 1950இல் ஹைட்ரஜன் குண்டு ஆய்வுக்கு ஒப்புதல் தந்தவரும் அவரே. கொரியாவில் அணுகுண்டு விழவில்லை. ஆனால் சாதாரணக் குண்டுகளால் வட கொரிய நகரங்கள் தரைமட்டமாயின. ஓர் ஆயுதத்தைப் பற்றி எழுந்த மனசாட்சி மற்ற ஆயுதங்களுக்குப் பரவவில்லை.

ஜான்சன்: தெரிந்தே போன வழி

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனின் குரல் நாடாவில் இருக்கிறது. 1964 மே 27 அன்று செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலோடும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியோடும் அவர் தொலைபேசியில் பேசியதை இன்று யாரும் கேட்கலாம். வியட்நாம் போரிடத் தகுந்த இடமென்று தமக்குத் தோன்றவில்லை, ஆனால் வெளியேறவும் முடியாது என்கிறார். தமக்குப் பணிவிடை செய்யும் ஆறு பிள்ளைகளின் தகப்பனான ஒரு படைவீரரைச் சொல்லி, அவரை எதற்காக அங்கே அனுப்புவது என்று கேட்கிறார். அப்போது பெரிய அளவில் துருப்புகள் போகவில்லை. 1968இல் அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இருந்தனர்.

அவர் வருந்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நள்ளிரவில் வெள்ளை மாளிகையின் நிலவர அறைக்கு இறங்கிப் போய், அன்று எத்தனை பேர் திரும்பவில்லை என்று விசாரிப்பார். அவருடைய இரு மருமகன்களும் வியட்நாமில் பணியாற்றினர். 1968 மார்ச் 31 அன்று மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். 1973 ஜனவரியில், பாரிஸ் உடன்பாட்டுக்குச் சில நாட்கள் முன்பு, இறந்தார்.

இந்தத் துறையில் எனக்கு மிகுந்த கலக்கம் தருவது ஜான்சனின் கதை. இதயம் இருந்தது, தெளிவும் இருந்தது, சொந்த வீட்டிலிருந்தே போருக்கு ஆள் போயிருந்தது. இத்தனையும் முடிவை மாற்றவில்லை. விலகினால் கோழை என்பார்கள், பதவி போகும் என்ற அச்சம் வென்றது. இரவில் அவர் விசாரித்தது அமெரிக்கச் சாவுகளை. 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அந்தப் போரில் இறந்தனர். வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அந்நாட்டில் மாண்ட பொதுமக்கள் மட்டும் 20 லட்சம் பேர்.

ஜெருசலேமில் இருவர்

1973 அக்டோபர் போரில் இஸ்ரேல் 2,600க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. விசாரித்த அக்ரனாத் ஆணையம் பிரதமர் கோல்டா மேயர் மீது குற்றம் காணவில்லை. அவர் 1974 ஏப்ரலில் பதவி விலகினார். அடுத்த ஆண்டு வந்த தன்வரலாற்றில், போருக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை தம் உள்மனம் சொன்னதைக் கேட்டுப் படை திரட்டியிருக்க வேண்டும், அந்த உண்மையோடுதான் இனி வாழ வேண்டும் என்று எழுதினார். சட்டம் விடுவித்த பிறகும் தம்மை விடுவித்துக்கொள்ளாத அந்த நேர்மை மதிக்கத்தக்கது. ஆனால் அந்த வருத்தம் ஒரு காலைப்பொழுதின் மீது மட்டும் விழுகிறது. 1971இல் எகிப்து அதிபர் சாதத் நீட்டிய சமாதானப் பேச்சைச் சரியாகப் பற்றிக்கொள்ளாத ஆண்டுகளின் மீது விழவில்லை. தலைவர்களின் வருத்தம் பெரும்பாலும் ஒரு நொடியைத் தேர்ந்துகொள்கிறது. அந்த நொடியை உருவாக்கிய நீண்ட கொள்கையைத் தொடுவதில்லை.

பின்னர் பிரதமரான மெனாக்கெம் பெகின் வேறு வழியில் போனார். 1982இல் லெபனான் மீது போர் தொடுத்தார். அவர் வீட்டு வாசலில் போராட்டக்காரர்கள் மாண்ட இஸ்ரேலிய வீரர்களின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதி நாளுக்கு நாள் மாற்றினர். செப்டம்பரில் சப்ரா, ஷத்தீலா அகதி முகாம்களில் பாலஸ்தீனர்கள் படுகொலை செய்யப்பட்டனர். அதை விசாரித்த கஹான் ஆணையம் பெகின் காட்டிய அக்கறையின்மையையும் குறை கூறியது. இடையில் மனைவியும் இறந்தார். 1983 ஆகஸ்டில், இனி என்னால் முடியாது என்று அமைச்சரவையில் சொல்லி விலகினார். 1992இல் இறக்கும்வரை பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அந்தப் போரைப் பற்றி நூலும் எழுதவில்லை. அந்த மௌனத்தைச் சிலர் பிராயச்சித்தம் என்பார்கள். நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். துயரம் எவ்வளவு ஆழமானாலும், அதைச் சொல்லாமல் போனவரிடமிருந்து அடுத்து வருபவர் கற்க எதுவும் இல்லை.

எழுதியதும் விட்டதும்

அதிகம் எழுதியவரிடமும் இடைவெளி உண்டு. 1940 ஜூலையில் மெர்சல் கபீரில் பிரெஞ்சுக் கப்பல்களைத் தாக்க ஆணையிட்டு, 1,297 மாலுமிகள் இறந்ததை பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் கனத்த மனத்தோடு விவரிக்கிறார். 1943 வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்தனர். தானியம் அனுப்பக் கப்பல் வேண்டும் என்று இந்தியாவுக்கான அமைச்சர் ஆமெரியும் பிறகு வைசிராய் வேவலும் திரும்பத் திரும்பக் கேட்டும், லண்டனில் போர் அமைச்சரவை போதுமான அளவு கொடுக்கவில்லை. ஆறு தொகுதிகள் கொண்ட அந்த வரலாற்றில் இந்தச் சாவுகளுக்கு ஏறத்தாழ இடமே இல்லை. தலைவரின் நினைவேட்டில் இல்லாத சாவு நாட்டின் நினைவிலும் நெடுங்காலம் இல்லாமல் போகும் என்பதற்கு வங்கமே சாட்சி.

நேருவும் நாமும்

1962 அக்டோபர் 12 அன்று கொழும்புக்குப் புறப்படும்போது, நம் எல்லையிலிருந்து சீனரை அகற்ற ராணுவத்துக்கு ஆணையிட்டிருப்பதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார் ஜவஹர்லால் நேரு. எட்டாம் நாள் போர் வெடித்தது. நவம்பர் 19 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு அவசரக் கடிதங்கள் எழுதி விமான உதவி கேட்டார். நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போரை நிறுத்தியபோது 1,383 இந்திய வீரர்கள் இறந்திருந்தனர். 1,696 பேரைக் காணவில்லை. நாம் உண்மை நிலையை மறந்து, நாமே உண்டாக்கிய செயற்கைச் சூழலில் வாழ்ந்துவிட்டோம் என்று போர் நடக்கும்போதே அவர் ஒப்புக்கொண்டார். பதவியில் இருக்கும் பிரதமர் அப்படிச் சொல்வது பெரிய செயல். 1964 மே 27 அன்று அவர் காலமானார். அந்தத் தோல்வி அவரை உள்ளிருந்து அரித்தது என்று அருகில் இருந்தவர்கள் பலர் கருதினர்.

ஆனால் அந்தப் போரின் தவறுகளை ஆராய்ந்து ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரேமீந்திர சிங் பகத்தும் 1963இல் அளித்த அறிக்கையை இந்திய அரசு இன்றுவரை வெளியிடவில்லை. அதில் ஒரு பகுதியை 2014இல் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் வெளியிட்ட பிறகும் நிலை மாறவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தக் கதவு மூடியே இருந்தது. வேறு வழி உண்டு என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 1999 கார்கில் போரைத் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையிலான குழு ஆராய்ந்தது. சில பகுதிகள் நீக்கப்பட்டாலும், அதன் அறிக்கை 2000இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நாட்டின் உளவு, பாதுகாப்பு அமைப்புகளைச் சீர்திருத்தும் பேச்சு அங்கிருந்தே வலுத்தது.

இத்தனை வாழ்க்கைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு முடிவுக்கு வருகிறேன். தலைவரின் மனச்சுமை அவருடைய சொந்த விஷயமாக இருக்கும்வரை அது யாரையும் காப்பாற்றுவதில்லை. ஜான்சனின் உறங்காத இரவுகள் ஒரு வீரனையும் திருப்பி அழைக்கவில்லை. பெகினின் பூட்டிய கதவு ஒருவருக்கும் எதையும் கற்பிக்கவில்லை. ட்ரூமன் வாய்திறந்து மறுத்த சுமை, விதியாக மாறியதால், அவருக்குப் பின் வந்தவர்களின் கையையும் தடுத்தது. அசோகர் எண்ணி எழுதியதால்தான் அவருடைய குறைகளையும் நாம் இன்று விவாதிக்க முடிகிறது. வருத்தம் ஆவணமாகவும் சட்டமாகவும் மாற வேண்டும். அதில் எதிரியின் சாவும் எண்ணப்பட வேண்டும். அதைத் தலைவர்கள் தாமாகச் செய்வது அரிது, குடிமக்கள் கேட்டுப் பெற வேண்டும். 1962இல் மலையிலிருந்து திரும்பாத வீரர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வாக்களிக்கிறார்கள். தங்கள் தாத்தாக்கள் எந்த முடிவுகளால் மாண்டார்கள் என்று அந்த அறிக்கையில் படிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.