எண்ணெயில் வெங்காயம்

சென்ற மாதம் படித்தவை என்று கணக்கெடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டாத ஆறு. ப்ரீமோ லெவியின் 'பீரியாடிக் டேபிள்', பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு, ஜார்ஜ் ஸிமெனோனின் துப்பறியும் நாவல் ஒன்று, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு தொகுதி, ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (மூன்றாம் முறை), பெயர் சொல்ல அவசியமில்லாத சமீபத்திய சரித்திர நாவல் ஒன்று. ஒன்றை முடித்துவிட்டு மற்றதை எடுக்கவில்லை. இரண்டு மூன்று ஒரே சமயத்தில் நடந்தன. இப்படிப் படிப்பதை ஒழுங்கீனம் என்பார்கள். ஆனால் நம் விமர்சனத்தில் ஒரு பழக்கம் எவ்வளவு காலாவதியாகிவிட்டது என்பது இந்த ஒழுங்கீனத்தில்தான் தெளிவாயிற்று. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இது மதிப்புரை அல்ல.

லெவி ரசாயனி, ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பிய இத்தாலிய யூதர். 1975இல் வந்த அந்தப் புத்தகத்தில் 21 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். சுயசரிதையா, சிறுகதைத் தொகுதியா, தொழில் நூலா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாது. குரோமியம் பற்றிய அத்தியாயத்தில் பெயிண்ட் தொழிற்சாலைக்காரர்கள் சாப்பாட்டு மேஜையில் பேசிக்கொள்கிறார்கள். வார்னிஷ் காய்ச்சும் பழைய செய்முறை ஒன்றில், கொதிக்கும் ஆளிவிதை எண்ணெயில் இரண்டு துண்டு வெங்காயம் போடவும் என்று இருக்கிறது. எதற்கு என்று தெரியவில்லை. தொழிலில் பழுத்த ஒருவர் விளக்குகிறார்: வெப்பமானி புழக்கத்துக்கு வராத காலத்தில் எண்ணெய் பதத்துக்கு வந்துவிட்டதா என்று வெங்காயத்தைப் போட்டுப் பார்த்தார்கள், அது வறுபட்டால் பதம். பிறகு வெப்பமானி வந்தது. வெங்காயம் செய்முறையில் தங்கிவிட்டது. (வடைச் சட்டியில் ஒரு சொட்டு மாவு விட்டுப் பார்க்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. ஆனால் அவர்கள் அந்தச் சொட்டை வடையின் சேர்மானம் என்று நினைப்பதில்லை.) லெவிக்கும் இப்படி ஒன்று நேர்கிறது. கெட்டுப்போன பெயிண்டைச் சீர்செய்ய அவர் அம்மோனியம் குளோரைடு சேர்க்கச் சொன்னார். அவர் அங்கிருந்து போய்ப் பல வருஷங்கள் ஆன பிறகும், தேவை தீர்ந்த பிறகும், காரணம் தெரியாமலேயே அதைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம்மிடமும் ஒரு வெங்காயம் இருக்கிறது. அதற்குப் பெயர் சொற்செட்டு. 'இந்த விவரம் தேவையில்லை', 'இதை வெட்டியிருக்கலாம்', 'சொல்லாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்' - நம் மதிப்புரைகளில் பாதி இந்த மூன்று வாக்கியங்களின் விஸ்தரிப்பு. இந்த அளவுகோல் பிறந்த காரணம் நியாயமானதுதான். 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து'வை ஆரம்பித்தபோது எதிரில் இருந்தது வாரப் பத்திரிகைக் கதை. நிலவைக் கண்டால் நாலு வரி, கதாநாயகியின் கண்ணைக் கண்டால் எட்டு வரி என்று பொங்கி வழிந்த நடை. ஒரு துண்டைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. போட்டார்கள், வறுபட்டது. செல்லப்பாவே 'வாடிவாச'லை ஒரு ஜல்லிக்கட்டுக்குள் முடித்துக் காட்டினார். ஆனால் அந்தக் குறுநாவலில் காளையைப் பற்றியும் கொம்பைப் பற்றியும் திமிலில் விழுகிற பிடியைப் பற்றியும் வரும் விவரங்களை எண்ணினால் சொற்செட்டுப் பேச்சு சற்றுத் தடுமாறும். கடைசிக் காலத்தில் அதே கை 3 பாகங்களில் 'சுதந்திர தாக'த்தையும் எழுதியது. குரு வெங்காயத்தை எடுத்து வெளியே போட்டுவிட்டார். சீடர்கள் இன்னும் நறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸிமெனோன் பெல்ஜியத்தில் பிறந்து பிரெஞ்சில் எழுதியவர். மெக்ரே என்ற போலீஸ் அதிகாரியை வைத்து மட்டும் 75 நாவல்கள். இளம் வயதில் ஒரு தினசரிக்குக் கதை கொண்டுபோனபோது அங்கே இலக்கியப் பகுதியைக் கவனித்துவந்த கோலெத், இதிலிருந்து இலக்கியத்தை எடுத்துவிடு என்றாராம். எடுத்தார். எதை எடுத்தார் என்பதுதான் விஷயம். அடைமொழிகளை எடுத்தார், அழகாக இருப்பதைத் தவிர வேறு வேலையில்லாத வாக்கியங்களை எடுத்தார். மெக்ரேயின் அறையில் எரியும் அடுப்பையும் அவர் பைப்பையும் பக்கத்துக் கடையிலிருந்து வரும் பீரையும் ஸாண்ட்விச்சையும் எடுக்கவில்லை. அடைமொழி போயிற்று, பெயர்ச்சொல் நின்றது. நம்மிடம் நடந்தது தலைகீழ். பெயர்ச்சொற்களை வெட்டிவிட்டு 'மௌனம்', 'வெறுமை', 'இருள்' என்று சிலதை மட்டும் விட்டுவைத்தோம். இவை பெயர்ச்சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த அடைமொழிகள்.

நான் படித்தது 1955இல் வந்த, தலையில்லாத உடல் பற்றிய நாவல். பாரிஸில் ஸான் மார்த்தன் கால்வாயிலிருந்து ஒரு மனிதக் கையை எடுக்கிறார்கள். கால்வாய்க் கரையில் ஒரு மதுக்கடை. அதை நடத்தும் பெண் குடிக்கிறாள். கேட்ட கேள்விக்கு ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் சொல்கிறாள். சாதாரணமாகத் துப்பறியும் நாவலில் எல்லா விவரமும் சந்தேகத்துக்குரியது. மேஜை மேல் ஒரு கையுறை கிடந்தால் 100 பக்கம் கழித்து அது சாட்சி சொல்லியாக வேண்டும். அந்த வகையில் சொற்செட்டின் உச்சம் துப்பறியும் நாவல்தான் (நம் தூய இலக்கியவாதிகள் இதைச் சற்று யோசிக்கலாம்). ஸிமெனோன் இந்த ஒப்பந்தத்தை மீறுகிறார். மெக்ரே திரும்பத் திரும்ப அந்தக் கடைக்குப் போய் வெள்ளை ஒயின் குடிக்கிறார். அதில் துப்பு எதுவும் இல்லை. செத்தது யார் என்பதைக் காட்டிலும் இந்தப் பெண் யார் என்பதுதான் அவருக்கு வேண்டியிருக்கிறது. அவளோ விவரமே தருவதில்லை. விவரம் தராதவளைச் சுற்றி அவர் விவரங்களாகச் சேர்த்துக்கொண்டு போகிறார்.

இந்த நாவல் பாதியில் இருந்தபோதுதான் குறிஞ்சிப்பாட்டை எடுத்தேன். அதில் கபிலர் அடுக்குகிற 99 பூக்கள் பிரசித்தம். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்பது பழைய குறிப்பு. எனவே அந்தப் பட்டியல் அயலானுக்குப் போட்ட அகராதி என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். புதுக்கவிதைக்காரர்களோ அதைச் சகித்துக்கொள்வதே பெரிது. எல்லாரும் மறந்துவிடுவது, அந்தப் பட்டியலைச் சொல்வது கபிலர் அல்ல, தோழி என்பதை. கேட்பவள் செவிலித்தாய். தலைவி இளைத்துப்போயிருக்கிறாள், செவிலி விசாரித்துவிட்டாள், தெய்வங்களையும் வேண்டிவிட்டாள். இனி மறைக்க முடியாது. துறை அறத்தொடு நிற்றல். அதாவது தோழி வாக்குமூலம் கொடுக்கிறாள். வாக்குமூலத்தில் ஓர் ஆண் வந்தாக வேண்டும். அவன் வருவதற்கு முன்னால் அவள் எதை எதையெல்லாம் சொல்கிறாள் பாருங்கள். நீ அனுப்பித்தானே தினைப்புனம் காக்கப் போனோம் என்கிறாள். கிளி ஓட்டினோம், அருவியில் குளித்தோம், பூப் பறித்துப் பாறையில் குவித்தோம். என்ன பூ? காந்தள் தொடங்கி 99.

குற்றம் செய்யாத பிள்ளைகள், அதுவும் ஒன்றை மறைத்துவைத்திருக்கும் பிள்ளைகள், அம்மாவிடம் இப்படித்தான் பேசுவார்கள். பூவின் பெயர்கள் நீண்டுகொண்டே போகும் வரை அந்த மனிதன் வரவில்லை. அவள் பயத்தின் நீளம்தான் பட்டியலின் நீளம். அதில் மலைக்கு உரிய பூ மட்டும் இல்லை. நெய்தல் இருக்கிறது, மணல்மேட்டில் படரும் அடும்பு இருக்கிறது, தாழை இருக்கிறது. மலைப்பாறையில் தாழைக்கு என்ன வேலை என்று திணை வரையறை வைத்துக்கொண்டு கேட்பவர்கள் இருக்கிறார்கள். மெக்ரேயைக் கேட்டால் சொல்வார்: சாட்சி கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறது. பிறகுதான் நாய்கள் வருகின்றன, அவன் வருகிறான், யானை வருகிறது. யானை வந்துவிட்டால் அவனிடம் ஓடி ஒதுங்கியதில் தப்பில்லை. எவ்வளவு சாமர்த்தியமான பெண்!

உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது சில பூக்களின் பெயர்கள் ஏடுகளில் விடுபட்டிருந்தன. தருமபுர மடத்து ஏட்டில் அவற்றைக் கண்டுபிடித்த கதையை 'உதிர்ந்த மலர்கள்' என்று ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். 90 பூ இருக்கிறதே, போதாதா என்று அவருக்குத் தோன்றவில்லை. நம் காலத்து விமர்சகன் ஒருவன் பக்கத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் யோசனை சொல்லியிருப்பான்.

ஆக, ஒரு விவரம் தேவையா இல்லையா என்பது முதல் கேள்வியே அல்ல. யார் சொல்கிறார்கள், யாரிடம் என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கேள்வியோடு ஆனந்தரங்கப் பிள்ளையிடம் போனால் இன்னும் விசித்திரமான இடத்துக்கு வந்து சேர்கிறோம். 1736இலிருந்து 1761இல் சாகும் வரை எழுதிய நாட்குறிப்பு. துய்ப்ளேக்ஸின் துபாஷ், வியாபாரி. கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாரிடம் என்ன சொன்னார்கள், கிரகம் எப்படி இருந்தது - எல்லாம் உண்டு. பிரெஞ்சும் போர்த்துகீசும் கலந்த, அன்றைய வாய்ப்பேச்சு. கேட்பவர் யார்? தெரியவில்லை. அச்சில் வரும் என்று அவர் நினைத்திருக்க முடியாது. பீரங்கி எண்ணிக்கையை வீண் என்று யாரும் சொல்லட்டும். மரியாதை என்பது குண்டுகளின் எண்ணிக்கையில் அளக்கப்பட்ட உலகத்தில் ஒருவன் தன் நிலை இன்று ஏறிற்றா இறங்கிற்றா என்று வேறு எப்படிப் பார்ப்பான்? 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின் நடுவே வேதபுரீசுவரர் கோவிலை இடித்ததையும் அதே கைதான் எழுதுகிறது. வருத்தமும் ஆத்திரமும் இருக்கின்றன. ஆனால் யார் வந்தார், யார் பேசினார், யார் பேசாமல் போனார் என்ற வரிசை கலையவில்லை. அந்த வரிசைதான் என்னை உலுக்கியது. நாவல் தமிழில் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னாலேயே இப்படி ஓர் உரைநடை இருந்திருக்கிறது. அதை நாம் சரித்திர ஆராய்ச்சிக்காரர்களின் அலமாரிக்கு அனுப்பிவிட்டு, தமிழ் உரைநடைக்கு மரபில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

இதைச் சொன்னால் தடித்த நாவல்காரர்கள் கைதட்டுவார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் படித்த அந்தச் சரித்திர நாவலில் கலம், மா, வேலி, நகைகளின் பெயர், படைக்கலங்களின் பெயர் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பாத்திரம் எதுவும் அவற்றைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நெருக்கடி எவருக்கும் இல்லை. கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டியிருக்கிறேன் என்று ஆசிரியர் என்னிடம் சொல்கிறார், அவ்வளவுதான். முந்நூறாம் பக்கத்தில் மூடிவிட்டேன்.

'புயலிலே ஒரு தோணி'யை எதிரே வைத்துப் பார்க்கலாம். 1962இல் எழுதி 1972இல்தான் அச்சேறிய நாவல். அதிலும் பட்டியல்கள்தாம்: மெடான், பினாங்கு, மதுரைத் தெருக்கள், சின்னமங்கலம் சந்தை. ஆனால் மதுரைத் தெருக்கள் வருவது மதுரையில் அல்ல. யுத்த காலத்தில் கடல் கடந்து கிடக்கும் பாண்டியனின் மனசில். வெளியூரில் இருப்பவன் ராத்திரி பையிலிருக்கும் காசை எண்ணிப் பார்ப்பது போல அவன் கடைகளை எண்ணுகிறான். ஒன்று குறைந்தாலும் ஊர் குறைந்துபோகும். சிங்காரத்தை நம் வட்டம் கவனிக்க எத்தனை வருஷமாயிற்று என்பது வாசகர்களுக்குத் தெரியும். நாவல் கட்டுக்கோப்பாக இல்லை என்று அன்று சொன்னதை இன்றும் சொல்கிறார்கள். கட்டுக்கோப்பு இல்லைதான். இருந்திருந்தால் நினைவுக்கு வந்ததெல்லாம் வந்திருக்காது.

மாதக் கடைசியில் ஒரு புதிய கவிஞரின் கையெழுத்துப் பிரதி வந்தது. செத்துப்போன அப்பாவின் சைக்கிள் கடையைப் பற்றி 11 வரி. ஏற்கெனவே யாரோ இலக்கியம் தெரிந்தவரிடம் காட்டியிருக்கிறார். 7 வரிகள் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. மிச்சமிருந்த 4 வரியில் வெறுமை இருந்தது, மௌனம் இருந்தது, ஒரு சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. அடித்த வரிகளில் இருந்தவை: சொல்யூஷன் டப்பா, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, ஆணியில் தொங்கும் பழைய ட்யூப்கள், வாடகை எழுதும் நோட்டு, அந்த நோட்டில் கடைசியாக வண்டி எடுத்துப்போய் இன்னும் திருப்பித் தராதவனின் பெயர். அந்த 7 வரிகளையும் சேர்த்தே இந்தப் பத்திரிகைக்கு அனுப்பும்படி அவருக்கு எழுதியிருக்கிறேன்.