மூணு சென்ட் ஸ்டாம்ப்

'ஃபார்கோ' பார்த்திருக்கிறீர்களா? 1996-ல் கோயன் சகோதரர்கள் எடுத்த படம். 'உண்மைக் கதை' என்று ஆரம்பத்தில் கார்டு போடுவார்கள். நம்பாதீர்கள், ரீல்!

அமெரிக்காவின் மினசோட்டா. எங்கும் பனி. கார் விற்கும் ஜெர்ரிக்குப் பண முடை. மாமனாரிடம் கறப்பதற்காக, சொந்த மனைவியையே கடத்த இரண்டு ரவுடிகளைப் பிடிக்கிறான். பிணைத்தொகை என்று அவர்களிடம் சொன்னது 80,000 டாலர். மாமனாரிடம் சொன்னது 10 லட்சம்! பி.காம். படித்தவனுக்கு இந்த ரெட்டைக் கணக்கைப் பார்த்தாலே சிரிப்பு வரும். பிணங்கள் விழ விழ அதே சிரிப்பு தொண்டையில் சிக்கும். மொத்தம் ஏழு.

குற்றவாளி யார் என்று நமக்கு முதலிலேயே தெரியும். சுவாரஸ்யமே, பிடிக்க வருகிற மார்ஜ்தான். பிரெய்னர்ட் என்ற சின்ன ஊரின் போலீஸ் சீஃப். ஏழு மாச கர்ப்பிணி. பிணத்துக்குப் பக்கத்தில் குமட்டுகிறது என்கிறார். பிணத்தால் இல்லை, மசக்கையாம். அடுத்த நிமிஷமே பசி! ஃபிரான்சிஸ் மெக்டார்மண்டுக்கு ஆஸ்கர் சும்மா கொடுக்கவில்லை.

கடைசிக் காட்சி சப்பென்று இருக்கிறது என்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் படமே அங்கேதான். கணவர் வரைந்த வாத்து தபால்தலையில் வரப்போகிறது. வெறும் மூணு சென்ட் ஸ்டாம்ப்தானே என்று அவருக்கு வருத்தம். தபால் கட்டணம் ஏறும்போதெல்லாம் சில்லறை ஸ்டாம்ப்தான் வேணும் என்று தேற்றுகிறார் மார்ஜ்.

அங்கே பனிக்கடியில் ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் அநாதையாகக் கிடக்கிறது. எது பெரிய தொகை? கூட்டிக் கழித்து நீங்களே சொல்லுங்கள்.