விடியற்காலைச் சிவரஞ்சனி

மலேசியாவின் செராஸில் எங்களை எழுப்புவது மின்னல் எஃப்.எம். வானொலி. ஆனாலும் எதிர்வீட்டுப் பெரியவர் கைப்பேசியில் அகில இந்திய வானொலியின் முகப்பிசையைத் தேடிப் போட்டுவிடுவார். அடியில் தம்பூராவின் ரீங்காரம், அதன்மேல் வயலின். கொஞ்ச நேரம்தான், ஆனால் மனசு வேறெங்கும் போகாது.

இதை அமைத்தவர் வால்டர் காஃப்மன். கார்ல்ஸ்பாட்டில் 1907-இல் பிறந்த யூதர். ஹிட்லரின் பிடி இறுகிய காலத்தில், 1934-இல் பம்பாய் வந்து சேர்ந்தார். ஆரம்பத்தில் நம் இசை அவருக்குப் பிடிபடவேயில்லையாம்! வயலின் வாசித்தவர் இசை நடத்துநர் ஸுபின் மேத்தாவின் தந்தை மெஹ்லி என்பார்கள்.

முகப்பிசை அமைந்த ராகம் சிவரஞ்சனி. மோகன ராகத்தின் காந்தாரத்தைச் சற்றே இறக்கினால் சிவரஞ்சனி. அந்த ஒரு சுரம் இறங்கியதுமே ராகத்தின் முகம் வாடி, ஏக்கம் வந்துவிடுகிறது. 'குறை ஒன்றும் இல்லை' பாடல் தொடங்குவதும் இந்த ராகத்தில்தான். முகப்பிசையில் வயலின் அதிகம் குழையாமல், கமகத்தை நாடாமல் நேராக நடக்கிறது. கச்சேரிக் காதுகளுக்கு அது குறையாகப் படலாம். எனக்கு அந்த நேர்நடைதான் அழகு.

1946-இல் இந்தியாவை விட்டுப் போன காஃப்மன், பின்னாளில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1976-இல் தென்னிந்திய ராகங்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.