பெட்டிக்குள் நான்கு குவார்க்குகள்

வலுவிசையைக் கணினியில் கணக்கிடும் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பெட்டிதான். 1974இல் கென்னத் வில்சன் வெளியையும் காலத்தையும் புள்ளிப் பின்னலாக்கினார்: குவார்க்குகள் புள்ளிகளில், குளுவான் புலம் அவற்றை இணைக்கும் கோடுகளில். எவ்வளவு பெரிய சூப்பர் கணினியிலும் சில ஃபெம்டோமீட்டர் அகலப் பெட்டியே அடங்கும். அந்தக் குறுகலையே மார்ட்டின் லூஷர் கருவியாக்கினார். பெட்டியின் அளவை மாற்றும்போது இரு மெசான்களின் (குவார்க்-எதிர்க்குவார்க் இணைகளின்) ஆற்றல் மட்டங்கள் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்தால் போதும். அவை சிதறுகின்றனவா, ஒட்டிக்கொண்டு ஒரே நாற்குவார்க் துகளாகின்றனவா என்பது தெரிந்துவிடும். என்ன அழகான யோசனை!

வேலை எளிதல்ல. காலப்புள்ளி நகர நகரச் சமிக்ஞை தேய்ந்து இரைச்சலில் மூழ்கும். அதற்குள் ஆற்றலைப் பிரித்தெடுக்க வேண்டும்.

2021இல் எல்எச்சிபி மோதுவிச் சோதனை அறிவித்த நாற்குவார்க் துகளில் இரண்டு சார்ம் குவார்க்குகள். அதன் பிணைப்பு ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்கூட இல்லை. சார்முக்குப் பதிலாக இரண்டு பாட்டம் குவார்க்குகள் இருந்தால் பிணைப்பு பல மடங்கு இறுகும் என்கின்றன கணக்குகள். ஒரு பாட்டம், ஒரு சார்ம் சேர்ந்ததைச் சென்னை கணித அறிவியல் நிறுவனத்திலும் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் உள்ளவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு பாட்டம் கொண்ட துகளை எந்த மோதுவியும் இன்னும் பிடிக்கவில்லை, கணக்கு முந்திக்கொண்டிருக்கிறது.